விலை மலிவான பாட் செட்: வால்யூமுக்குச் சரி, மோட்டாருக்கு வேண்டாம்

ஆன்லைனில் கிடைக்கும் அந்தக் கம்பெனி பெயரில்லாத பாட் பெட்டிதான். பாட் என்றால் பொட்டென்ஷியோமீட்டர், குமிழைத் திருப்பி மின்தடையைக் கூட்டிக் குறைக்கிற மூன்று கால் பாகம். 1கே (1 கிலோ ஓம், அதாவது 1000 ஓம்), 10கே, 50கே, 100கே எல்லாம் கலந்து வருகிறது, குமிழும் கூடவே தருகிறார்கள். விலைக்கு மோசமில்லை. 10கே என்று போட்டிருப்பது மீட்டரில் 9கே-யை ஒட்டிக் காட்டுகிறது, கார்பன் பாட்களில் 20 சதவீதம் வரை ஏறி இறங்குவது சகஜம்தான், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சுற்றவும் வழவழப்பாக இருக்கிறது.

என் சண்டையெல்லாம் விற்பனைப் பக்கத்தோடுதான். மோட்டார் வேகத்தையும் எல்இடி வெளிச்சத்தையும் இதை வைத்தே கூட்டிக் குறைக்கலாம் என்று போட்டுவிட்டு, கீழேயே 0.2 வாட் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த 0.2 வாட் முழு டிராக்குக்கும் (உள்ளே நடுக்கால் நகர்ந்து தொடுகிற மின்தடைப் பட்டைக்கு) சேர்த்துச் சொன்ன கணக்கு. நடுக்காலையும் ஒரு ஓரக்காலையும் மட்டும் இணைத்துக் குமிழைப் பாதியில் நிறுத்தினால், சூடாகிற டிராக்கும் பாதிதான், தாங்குகிற வாட்டும் ஏறக்குறைய பாதிதான், ஓரத்துக்குப் போகப்போக இன்னும் குறையும். அதனால் வாட்டை விட்டுவிட்டுக் கரண்டைப் பாருங்கள்: வாட்டை ஓமால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1கே பாட்டுக்குச் சுமார் 14 மில்லி ஆம்பியர், 10கே-க்கு வெறும் 4.5. குமிழ் எங்கே நின்றாலும் அதுதான் உச்சம்.

சொன்னால் நம்ப மாட்டார்களே என்று, ஒரு 1கே பாட்டை வேண்டுமென்றே 12 வோல்ட் பொம்மை மோட்டாரோடு தொடராகப் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசித் தூரம் மோட்டார் அசையவே இல்லை. ஓரத்துக்கு வந்ததும் லேசாக உறுமியது, கூடவே கருகல் வாடை, அவ்வளவுதான். பிறகு மீட்டர் வைத்தால் டிராக்கின் மற்ற பகுதி நன்றாகவே இருக்கிறது, அந்த ஓரம் மட்டும் போய்விட்டது.

இதே பாட்டின் மூன்று காலையும் பயன்படுத்தி, ஒரு ஓரத்துக்கு 5 வோல்ட்டும் மறு ஓரத்துக்கு கிரவுண்டும் கொடுத்து, நடுக்காலை ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் அனலாக் பின்னுக்குக் கொண்டுபோனால் 10கே-யில் ஓடுவது அரை மில்லி ஆம்பியர்தான், சூடு என்ற பேச்சே இல்லை. ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கும் அப்படியே. எல்இடிக்குத்தான் வேண்டும் என்றால் 1கே-யோடு தொடராக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்குக் குமிழைக் கடைசிவரை திருப்பினாலும் கரண்ட் சுமார் 14 மில்லி ஆம்பியர்தான். மோட்டாருக்கு என்றால் பாட் வெறும் சிக்னல் கொடுக்கட்டும், கரண்டை மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) சுமக்கட்டும்.

இன்னும் தெம்பானது வேண்டும் என்று போர்ன்ஸ் கம்பெனியின் 3296 ட்ரிம்பாட்டுக்கு (திருப்புளியால் திருப்புகிற சின்ன பாட்) போகிறவர்களுக்கு: அது 70 டிகிரியில் அரை வாட், 10கே என்றால் 7 மில்லி ஆம்பியர். அதுவும் மோட்டாருக்கு ஆகாது. நேரடியாகவே கரண்டை ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கம்பி சுற்றிய பாட்தான், அதிலும் இதே கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

பாட்டுக்கு நான்கு நட்சத்திரம், விற்பனைப் பக்கத்துக்கு ஒன்று.