வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் 7 நாள் அலாஸ்கா கப்பல்: குழுவாகப் போகிறவர்களுக்கு

அலாஸ்காவுக்குப் பதிவு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது கப்பலின் நீச்சல் குளத்தையும் சறுக்கு மரத்தையும்தான். பார்க்க வேண்டியது வழியை. சியாட்டிலில் புறப்படும் கப்பல்களில் பெரும்பாலானவை வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் வழியாகப் போகும். அலை அங்கே நன்றாகவே தெரியும், வயதானவர்கள் படுத்துவிடுவார்கள். வான்கூவரில் புறப்படும் கப்பல் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே போகும். இருபுறமும் காடு, குளம் போன்ற தண்ணீர். இந்த வழியில்தான் சீமோர் நேரோஸ் என்ற இடுக்கு இருக்கிறது. கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அதன் அடிப்பாறையை 1958-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் நீரோட்டம் தணியும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. இன்னொன்று: மிக உயரமான புதுக் கப்பல்கள் சில லயன்ஸ் கேட் பாலத்தின் கீழ் நுழையாது என்பதால், வான்கூவரில் கிடைப்பவை பெரும்பாலும் நடுத்தர அளவுதான். அது குறையே இல்லை.

அடுத்து, பதிவுத் தாளில் 'கிளேசியர் பே' (பனியாறுகள் கடலில் இறங்கும் அலாஸ்கா வளைகுடா, தேசியப் பூங்கா) என்ற பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். 'பனியாறு காணுதல்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தப் பூங்காவுக்குள் நாளுக்கு 2 பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் நிறுவனங்கள் இங்கே அடிக்கடி வருகின்றன; வேறு சில நிறுவனங்கள் ஹப்பர்ட் பனியாற்றுக்குக் கூட்டிப் போகும். அதுவும் பிரமாண்டம்தான். ஆனால் ஒரு முழுப்பகலும் வளைகுடாவுக்குள் ஊர்ந்துபோகும் அனுபவம் கிளேசியர் பேயில்தான்.

அந்த ஒரு நாளுக்காகவே மொத்தக் காசையும் கொடுக்கலாம். காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலில் கயிற்று ஏணி பிடித்து ஏறுவார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் அவர்களுடையதுதான். 1794-ல் இந்த வளைகுடா ஏறக்குறைய முழுதும் பனிக்கட்டியாக அடைந்து கிடந்தது. இன்று கப்பல் 60 மைலுக்கு மேல் உள்ளே போகிறது. கோடியில் மார்ஜரி பனியாறு, நீருக்கு மேல் சுமார் 250 அடிச் சுவர். பக்கத்திலேயே மண்ணும் கல்லும் மூடிய கிராண்ட் பசிபிக். அதை மலை என்று நினைத்துப் பலர் திரும்பியே பார்ப்பதில்லை. மார்ஜரி முன்னால் கப்பல் சுமார் ஒரு மணி நேரம் நின்று, மெல்லத் திரும்பி இரு பக்கத்துக்கும் காட்டும். ஆகவே 'எந்தப் பக்கத்து அறை' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பனி உடைந்து விழும் சத்தம் கேட்டுத் திரும்பினால் தண்ணீர் தெறிப்பதைத்தான் பார்ப்பீர்கள். பார்வை முன்னால், சத்தம் பின்னால். சுவரில் ஓரிடத்தில் சின்னச் சின்னதாகச் சிதறல் விழத் தொடங்கினால் கண்ணை அங்கேயே வையுங்கள். பெரிய துண்டு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பைனாகுலர் 8x42, அதாவது 8 மடங்கு உருப்பெருக்கம், போதும். உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

அறை விஷயத்தில், பெரியவர்களுக்கு நடுக்கப்பலில் பால்கனி அறை. கம்பளி போர்த்தி உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள். இளசுகளுக்கு ஜன்னலில்லாத உள்ளறையே போதும், எப்படியும் மேல்தளத்தில்தான் இருப்பார்கள். பல நிறுவனங்கள் 8 அறை சேர்ந்தால்தான் குழுவாகக் கணக்கெடுக்கும். தனித்தனியாகப் பதிவு செய்தால் எல்லாப் பதிவு எண்களையும் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். இரவு உணவுக்கு நேரம் குறித்த மேசையையே கேளுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்' முறையில் 16 பேருக்கு ஒரே மேசை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்திய சைவச் சாப்பாட்டைப் பதிவின்போதே சொல்லிவிட்டு, கப்பல் ஏறிய முதல் இரவு தலைமைப் பரிமாறுநரிடம் மறுபடி சொல்லுங்கள். மறுநாளைய சமையலை முந்தின இரவே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பருப்பும் சோறும் தயிரும் தேறும், ரசத்தை எதிர்பார்க்காதீர்கள். கெட்டிலும் இண்டக்ஷன் அடுப்பும் பையில் இருந்தால் வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். பிரிக்காத முறுக்குப் பாக்கெட்டுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

கப்பல் நிற்கும் ஊர்களில் ஸ்காக்வேதான் முதலிடம். 1898 தங்க வேட்டையில் தொடங்கி 1900-ல் முடித்த வைட் பாஸ் ரயில், 3 அடி அகலப் பாதையில் 20 மைலுக்குள் 2,865 அடி ஏறுகிறது. உச்சி வரை போய்த் திரும்பும் பயணத்தில் மேலே எதிர் இருக்கைக்கு மாறச் சொல்வார்கள், அதனால் ஜன்னல் சண்டை வேண்டாம். பெட்டிக் கோடியில் உள்ள திறந்த மேடைதான் படத்துக்கு இடம். இந்தப் பயணத்தில் யாரும் ரயிலை விட்டு இறங்குவதில்லை. கனடாவுக்குள் போய் இறங்கும் நீண்ட பயணம் எடுத்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஜூனோவில் திமிங்கிலம். கப்பல் துறையிலிருந்து ஆக் பே படகுத்துறை வரை பேருந்து, அங்கிருந்து படகு. நூறு பேர் படகில் ஒரு பக்கம் திமிங்கிலம் எழுந்தால் பின்வரிசைக்குத் தலைகள்தான் தெரியும். குழுவுக்குள் 14, 15 பேர் சேர்ந்தால் சிறு படகை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஹெலிகாப்டர் பயணம் மேகம் இறங்கினால் ரத்தாகும், பணம் திரும்ப வரும், ஆனால் அந்நேரத்துக்கு மாற்று கிடைக்காது. மென்டன்ஹால் பனியாற்றுக்கு நகரப் பேருந்தில் போனால் கடைசி ஒன்றரை மைல் நடை, முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. கெச்சிக்கனில் ஆண்டுக்கு 150 அங்குலம் மழை. குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு மேல். க்ரீக் ஸ்ட்ரீட்டின் மரத்தூண் வீடுகளைப் பார்க்க ஒரு மணி நேரம் தாராளம். மீதிக் கடைகள் நகைக்கடைகள்தான்.

குழு சொதப்புவது கரையில்தான். 20 பேரும் ஒரே பயணம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் யாருக்கும் பிடித்தது அமையாது. பகலில் பிரிந்து, சாப்பாட்டில் சேருங்கள். வெளியாரிடம் எடுத்த பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கப்பலில் வாங்கியதற்குக் காத்திருக்கும். ஜூனோவில் தவறவிட்டால் அடுத்த ஊருக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது ஃபெர்ரிதான். அலாஸ்கா நேரம் வான்கூவருக்கு ஒரு மணி பின்னால். கைபேசியை நம்பாமல் கப்பல் அறிவிக்கும் நேரத்தையே பிடியுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் என்றால் கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சோதனை வான்கூவரின் கனடா பிளேஸ் துறைமுகத்திலேயே நடக்கும். மூன்று கப்பல்கள் நிற்கும் நாளில் வரிசை நீளும், சக்கர நாற்காலியை முன்பே சொல்லி வையுங்கள். சியாட்டில் வழியிலும் கனடா விசாவிலிருந்து தப்ப முடியாது: 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒரு அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும், அதற்காகவே கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கிறது. கட்டணத்துக்கு மேல் ஊழியர் அன்பளிப்பு தலைக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரும். நான்கு பேருக்கு ஏழு நாளில் 450 முதல் 560 டாலர்.