நெல்லைப் பிள்ளைகளின் ஆய்வுக்கட்டுரைக்கு எந்த மேற்கோள் முறை?

ஆய்வுக்கட்டுரை எழுதச் சொன்னால் திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகளுக்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆதிச்சநல்லூர், கொற்கை, கூந்தன்குளத்துப் பறவைகள், பத்தமடைப் பாய், தாமிரபரணி என்று எதையும் எடுக்கலாம். திணறல் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. எங்கே படித்தோம், யாரிடம் கேட்டோம் என்று காட்ட வேண்டிய இடத்தில் பலரும் 'கூகுள்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கூகுள் தேடித்தான் தருகிறது, சொன்னவர் வேறு ஒருவர். அவர் பெயரைப் போடுவதுதான் நாணயம்.

இதற்குப் பரவலாக இருக்கும் முறைகள் மூன்று. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையில் வரிக்குள்ளேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும். கால்டுவெல் 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாற்று நூல் என்றால் இப்படி: (கால்டுவெல், 1881). மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷனின் எம்.எல்.ஏ. முறையில் பெயரும் பக்க எண்ணும்: (கால்டுவெல் 45). இரண்டிலும் முழு விவரம் கட்டுரை முடிவில் அகரவரிசையில் இருக்கும். மூன்றாவது சிகாகோ முறை. வரி முடிவில் சிறு எண், பக்கத்தின் அடியில் குறிப்பு. நம் தமிழ் ஆய்வு நூல்களில் பார்த்துப் பழகிய அடிக்குறிப்புதான் இது.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொண்டால் ஏ.பி.ஏ.வின் பலம் உடனே தெரியும். 1876-ல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி மண்ணைத் திறந்தது. ஒவ்வொரு முறையும் தெரிந்தது கூடியது, பழைய முடிவுகள் சில மாறின. எனவே ஒரு கருத்தின் பக்கத்தில் 1881 என்று பார்த்ததுமே, இது ரீ வருவதற்கு முன் எழுதியது என்று படிப்பவருக்கு விளங்கிவிடும். ஆற்றுநீரின் தரம், பறவைக் கணக்கு போன்ற அறிவியல் தலைப்புகளுக்கும் இதே நியாயம்தான். எம்.எல்.ஏ.வில் ஆண்டைப் பார்க்கக் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டை மட்டும் போட்டுவிடக் கூடாது. 1881-ல் எழுதியது நேற்று எழுதியதுபோல் ஆகிவிடும். முதல் ஆண்டையும் மறுபதிப்பு ஆண்டையும் சாய்கோடிட்டுச் சேர்த்தே எழுதச் சொல்கிறது ஏ.பி.ஏ.

ஆனால் பத்தமடைப் பாய் பற்றி எழுதும் பிள்ளைக்கு நான் ஏ.பி.ஏ.வைச் சொல்ல மாட்டேன். கோரையை ஆற்றில் எத்தனை நாள் ஊறப்போடுவது, நூலாக எப்படிக் கிழிப்பது என்பதெல்லாம் நெய்கிற ஆச்சிமாரிடம்தான் இருக்கிறது. மாணவர் தானே நேரில் கேட்டறிந்ததை ஏ.பி.ஏ. தனிப்பட்ட தகவல் என்று கருதி, வரிக்குள் மட்டும் குறிப்பிடச் சொல்கிறது. கடைசிப் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. மற்றவர் தேடி எடுத்துப் பார்க்க முடியாது என்பது காரணம். எம்.எல்.ஏ.வில் நேர்காணலும் பட்டியலில் ஏறும்: பேசியவர் பெயர், நேர்காணல் என்ற சொல், தேதி. அச்சிட்ட புத்தகத்துக்கு அடுத்த வரியில் அந்த ஆச்சியின் பெயரும் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கைத்தொழில், நாட்டார் வழக்கு, ஊர்க்கதை பற்றிய கட்டுரைகளுக்கு எம்.எல்.ஏ.தான் என்பேன். பெயரைப் போடலாமா என்று அவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடிக்குறிப்பு எங்கே உதவும்? கோயில் கல்வெட்டுக்கு. எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த அரசன், அச்சான தொகுதி, அதன் எண் எல்லாவற்றையும் அடைப்புக்குள் திணித்தால் வாக்கியம் மூச்சு முட்டும். கணினியில் தட்டச்சு செய்தால் எண்கள் தாமாகவே வரிசையாகிவிடும். கையால் எழுதினால் ஒவ்வொரு தாளிலும் அடியில் எவ்வளவு இடம் விடுவது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அப்படி எழுதுபவர்கள் குறிப்புகளைக் கட்டுரை முடிவில் வரிசையாகத் தரலாம், சிகாகோ அதையும் ஏற்கிறது. அப்புறம், ஒரே நூல் திரும்ப வரும்போது நம்மவர்கள் 'மேலது' என்று போடுவார்கள். 2017-ல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து சிகாகோ அதைவிட ஆசிரியர் பெயரையும் தலைப்பின் சுருக்கத்தையுமே விரும்புகிறது. இடையில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் 'மேலது' வேறு நூலைக் காட்டிவிடும் என்பதால் எனக்கும் அதுவே சரி.

எந்த முறையானாலும் தமிழ்ப் பெயர்களில் கவனம் வேண்டும். ராபர்ட் கால்டுவெல் பட்டியலில் 'கால்டுவெல், ராபர்ட்' ஆவார். ராஜவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை 'சேதுப்பிள்ளை, ரா. பி.' ஆவார். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதுபவர்களும் உண்டு. மேற்கோளைத் தானே தயாரித்துத் தரும் இணையக் கருவிகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். எழுதியவர் மகள், பட்டியலில் ஏறுவது அப்பா பெயர். கருவி தந்ததை நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்து, அவரவர் பெயரின் கீழேயே அகரவரிசையில் சேருங்கள்.