கண்ணதாசனை ஜானரில் போட்டு வைத்திருக்கிறேன்

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தையும் பாட்டையும் டிவியிலும் போனிலும் ஓட்ட உதவும் பிளெக்ஸ் மென்பொருளின் கட்டணம் ஏறியதில் இருந்து தேவகோட்டைப் பங்காளி ஒருவன், "நீதான் ஜெல்லிஃபின் போட்டு வருஷக்கணக்கா ஓட்டுறியே, நானும் மாறிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஜெல்லிஃபின் அதே வேலையைக் காசில்லாமல் செய்வது. பிளெக்ஸ்காரர்கள் 2025 ஏப்ரலில் வாழ்நாள் சந்தாவை 120 டாலரில் இருந்து 250 ஆக்கினார்கள், வெளியூரில் இருந்து வீட்டுச் சர்வரைப் பார்க்கவும் காசு என்றார்கள். அவன் கோபம் நியாயம்தான். எப்படி நிறுவுவது, எந்தக் கம்ப்யூட்டர் போதும் என்பதெல்லாம் எங்கேயும் கிடைக்கும், அதை விடுங்கள்.

எங்கள் காரைக்குடி வீட்டில் முகப்பில் வைத்த ரவுட்டரின் வைஃபை வளவைத் தாண்டாது, அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் அவ்வளவு கனம். இரண்டாங்கட்டு வரை நிலைகளுக்கு மேலே ஓட்டி லேன் கேபிள் இழுத்தேன். அதன் பிறகு படம் எதுவும் நின்று நின்று ஓடியதில்லை, சர்வரும் தொந்தரவு தந்ததில்லை. வீடியோ விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. வீட்டுக் கல்யாண விசிடிகளை, அந்தப் பழைய டேட் (.dat) கோப்புகளை, எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று மென்பொருளில் மாற்றிப் போட்டேன், இப்போது சிங்கப்பூரில் இருக்கும் அயித்தை வரைக்கும் பார்க்கிறார்கள்.

குறையெல்லாம் பாட்டில்தான்.

அப்பச்சிக்குப் பாட்டு என்றால் கண்ணதாசன். சிறுகூடல்பட்டி நம் பக்கம்தானே, அந்த உரிமை வேறு. "கண்ணதாசன் பாட்டுப் போடு" என்பார், யார் பாடியது, எந்தப் படம் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். ஜெல்லிஃபினில் பாட்டுப் பகுதியைத் திறந்தால் ஆல்பம், ஆல்பம் கலைஞர், கலைஞர், பிளேலிஸ்ட், ஜானர் (பாட்டின் வகை) என்று தாவல்கள் வரிசையாக நிற்கும். இசையமைப்பாளருக்கு ஒரு தாவல் கிடையாது, பாடலாசிரியருக்கும் கிடையாது. பாடுபவர்தான் கலைஞர் என்று முடிவு செய்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் யாராவது பாட்டை அப்படியா தேடுகிறார்கள்? எம்.எஸ்.வி. பாட்டு, ராஜா பாட்டு என்றுதானே கேட்கிறோம்! எம்பி3 கோப்புக்குள்ளேயே பாட்டின் விவரத்தை எழுதி வைக்கும் ஐடி3 டேக்கில் பாடலாசிரியருக்கென்றே ஓர் இடம் எப்போதோ ஒதுக்கிவிட்டார்கள், அதைக் காட்டுவதற்கு இவர்களுக்கு ஒரு தாவல் போட முடியவில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன், இல்லை என்றதும் அன்று முழுக்க எரிச்சல்.

இதில் எங்கள் வீட்டுக் கேசட்டுகள் வேறு. எண்பதுகளில் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்து, பல படத்துப் பாட்டுகளை ஒரே கேசட்டில் பதிந்து வாங்கியவை. அதற்கு ஆல்பம் என்று எதைச் சொல்ல? ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்டு மென்பொருளிடம் கொடுத்தால் ஒலியை வைத்துப் பாட்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கும், பாதிக்கு மேல் உதட்டைப் பிதுக்கிவிடும். கடைசியில் டேக் எழுதும் கிட்3 மென்பொருளில் உட்கார்ந்து கையால்தான் எழுத வேண்டியிருந்தது. இசையமைப்பாளரை ஆல்பம் கலைஞர் இடத்தில் போட்டேன், பாடலாசிரியரை ஜானரில் போட்டேன். இணையத்தில் இருந்து தகவல் இழுக்கும் தெரிவுகளையும் அந்த நூலகத்துக்கு மட்டும் அணைத்துவிட்டேன், இல்லாவிட்டால் நான் எழுதியதோடு அதுவும் எதையாவது கொண்டுவந்து கலக்கும். இப்போது ஜானர் தாவலைத் தொட்டால் கண்ணதாசன், வாலி, பட்டுக்கோட்டையார் என்று வரிசையாக வருகிறார்கள். மென்பொருள் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். அப்பச்சி ரிமோட்டில் இரண்டு அமுக்கு அமுக்கிப் பாட்டு கேட்கிறார், எனக்கு அது போதும்.

காசு கட்டிக் கேட்ட ஒரு செயலியில் இந்தக் கோளாறே இல்லை, தேடினால் கிடைக்கும். ஆனால் அதில் அப்பச்சிக்காக நான் சேர்த்து வைத்த பட்டியலில் பாட்டுகள் ஒவ்வொன்றாக மங்கிப்போய், தொட்டாலும் பாடாமல் நின்றன. உரிமம் முடிந்ததாம். ஜெல்லிஃபின் பிறந்ததே இப்படி ஒரு கடுப்பில்தான். எம்பி (Emby) என்ற இதே மாதிரி மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில், அதற்கு முந்தைய திறந்த நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்தவர்கள் இவர்கள். கட்டணப் பதிப்பு என்று ஒன்று இல்லை. அதைவிட எனக்கு முக்கியம், நான் எழுதிய டேக் எல்லாம் பாட்டுக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். நாவிட்ரோம் என்ற பாட்டுச் சர்வர் மென்பொருள் 2025-ல் வந்த 0.55 பதிப்பில் இருந்து இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று பங்கு பிரித்துக் காட்டுகிறது. அதையும் அதே கம்ப்யூட்டரில், அதே கோப்புறையைக் காட்டி ஓடவிட்டிருக்கிறேன். ஆனால் அது பாட்டுக்கு மட்டும்தான், அப்பச்சிக்கோ டிவியில் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். அதனால் ஜானர் கூத்து தொடர்கிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டு பற்றியும் பங்காளி கேட்டான். என் தங்கை மகன் லீவுக்கு வந்தால் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க், அது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடுகிறது. காசு கொடுத்து வாங்குவதை ஜிஓஜி (GOG) என்ற இணையக் கடையில் வாங்குகிறேன், நிறுவல் கோப்பை இறக்கி அதே வன்தட்டில் வைத்துவிடலாம், லினக்ஸில் ஹீரோயிக் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம். 2014-ல் வந்த 'தி க்ரூ' கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள், தட்டை விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவனுக்கும் அதன் பிறகு அது ஓடவில்லை. அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சரி, பங்காளிக்குப் பதில். இவ்வளவு சொன்ன பிறகும் சொல்கிறேன், போடாதே. உனக்குப் படம் பார்க்க வேண்டும், டேக் எழுத உட்கார மாட்டாய், பாட்டுப் பகுதியைத் திறந்த அன்றே எனக்குப் போன் பண்ணித் திட்டுவாய். உன் வன்தட்டைக் கொண்டுவந்து கொடு, என் சர்வரிலேயே உனக்கு ஒரு கணக்கு திறந்து தருகிறேன். பார்க்க, கேட்க மட்டும்தான் அனுமதி, திருத்தும் அனுமதி கிடையாது.