டீசல் சென்சார் பொருத்திய மூன்று ஆண்டுகள்

தாழையூத்துச் சிமெண்டையும் கங்கைகொண்டான் சிப்காட் சரக்கையும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும், புளியரை வழியாகக் கொல்லத்துக்கும் ஏற்றிச் செல்லும் ஆறு லாரிகளை நடத்தி வருகிறேன். 2022 ஜூலையில் முதல் இரண்டு வண்டிகளுக்கும், ஆறு மாதம் கழித்து மற்ற நான்குக்கும், டேங்கிலுள்ள டீசலின் அளவைக் காட்டி, அது குறைந்தால் எச்சரிக்கை அனுப்பும் டீசல் சென்சார் பொருத்தினேன். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது இரவில் திருட்டில் ஒரு இருபது லிட்டர் கேன் நிரம்பிப் போனால், தூத்துக்குடி லோடு ஒன்றில் கையில் நிற்கும் பணத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

அதற்கு முன்பு பூட்டுள்ள மூடியும், ஹோஸ் உள்ளே இறங்காதபடி டேங்கின் வாயில் இரும்பு வலையும் போட்டிருந்தோம். இரண்டும் பயனுள்ளவைதாம், ஆனால் வலை போட்ட மூன்றாம் மாதமே, நான்குவழிச் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டியில் டேங்கின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி டீசலை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தத் திருகைத் துளையிட்டுக் கம்பி கோத்து ஈய முத்திரை வைக்கிறோம். இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயின் இணைப்பையும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பார்க்க வேண்டும், ஏனெனில் அதைக் கழற்றிக் கேனுக்குள் விட்டு இன்ஜினை ஓடவிட்டால் மூடியும் வலையும் தொடப்படாமலே டீசல் போய்விடும்.

சென்சார் என்பது டேங்குக்குள் செங்குத்தாக நிற்கும் இரட்டைக் குழாய். இரண்டுக்கும் இடையில் டீசல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதற்கேற்ப மின்தேக்கத் திறன் மாறும். அதை லிட்டராக மாற்றிச் சொல்வது கருவியின் வேலை. அந்த மாற்றம் சரியாக இருக்க, டேங்கைக் காலி செய்து இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கருவி காட்டும் எண்ணைப் பதிய வேண்டும். முதல் இரண்டு வண்டிகளுக்குப் பொருத்த வந்தவர்கள் இதைச் செய்யாமல் உயரத்தைச் சமமாக வகுத்துவிட்டுப் போனார்கள். டேங்கின் மூலைகள் வளைந்திருப்பதால் கணக்கு பிசகி, இரண்டு மாதம் எங்கள் ஓட்டுநர்கள்மேல் வீண் சந்தேகம் வந்தது. பிறகு நானே கூட நின்று அரைநாள் செலவழித்து ஊற்றி அளந்த பின்தான் எண்கள் நிலைக்கு வந்தன.

மேடு பள்ளமும் கருவியை ஏமாற்றும். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது ஒரு வண்டியில் 18 லிட்டர் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வரும், கோட்டைவாசலைத் தாண்டிச் சமதளம் வந்ததும் அது திரும்பிவிடும். டேங்கின் ஓரத்தில் பொருத்தியதே காரணம். நடுவில் மாற்றியபின் அது பெரிதும் அடங்கியது. உண்மையான திருட்டில் குறைந்த அளவு ஒருபோதும் திரும்பி ஏறாது. வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 300 லிட்டர் டீசல் பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் சுருங்கும், ஆகவே இரவில் தெரியும் இரண்டு மூன்று லிட்டர் குறைவுக்காக யாரையும் எழுப்பிக் கேட்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆம் தேதிப் பெருவெள்ளத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் நின்ற எங்கள் வண்டி ஒன்றின் டேங்குக்குள் தண்ணீர் புகுந்தது. பாதி டேங்க் டீசலோடு நின்ற அந்த வண்டிக்கு, கருவி முழு டேங்க் என்று காட்டியது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இப்படி ஆகும். அன்றுமுதல் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் டேங்கின் அடித் தண்ணீரை வடித்து, சென்சார் குழாயைக் கழற்றித் துடைக்கிறோம்.

இந்த மூன்று ஆண்டில் என் மனத்தை அதிகம் வருத்தியது ஒரு ஓட்டுநரின் கணக்கு. பதினோரு ஆண்டு எங்களிடம் ஓட்டுகிறவர்; அவர் வண்டியில் மட்டும் மைலேஜ் குறைகிறதென்று எட்டு மாதம் பேட்டாவில் பிடித்தம் செய்திருந்தேன். சென்சார் வந்தபின் பார்த்தால், வழக்கமாக நிரப்பும் ஒரு பங்க்கில் 200 லிட்டருக்கு பில், டேங்கில் ஏறியதோ 188. மூன்று முறை அப்படியே ஆனது. மற்ற பங்க்குகளில் பில்லும் கருவியும் ஒத்துப்போயின. நான்காம் முறை நானே போய் நின்றேன். முந்தைய வண்டிக்கு ஊற்றிய 12 லிட்டரை மீட்டரில் அழிக்காமல், அந்த எண்ணிலிருந்தே எங்கள் டேங்குக்கு ஊற்றத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் ஓட்டுநர் வழக்கமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது, “அண்ணாச்சி, நான் எடுக்கலைன்னு அந்தப் பொட்டி சொன்னாத்தான் நம்புவியளோ?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு எல்லா வழித்தடத்துக்கும் ஒரே மைலேஜ் என்ற பழைய வழக்கத்தையும் விட்டுவிட்டேன். தூத்துக்குடிச் சமதளத்தில் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அதே வண்டி, கொல்லம் மலைப்பாதையில் மூன்றைத் தாண்டுவதே அரிது. ஆனி ஆடியில் வள்ளியூரைக் கடந்து நாகர்கோவில் பக்கம் போகும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அறைவதால் அங்கும் குறையும். வழித்தடம், லோடு, பருவம் பார்த்து ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசி அளவு வைத்தோம். அதற்குமேல் மிச்சமாகும் டீசலின் மதிப்பில் பாதி அவர்களுக்கு. வண்டிகளில் டீசல் குறைவது முக்கால்வாசி நின்றது இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான். முதல் ஆறு மாதம் கருவி மட்டும் இருந்தபோது இவ்வளவு பலன் இல்லை.

குறைகளும் உண்டு. ஆரியங்காவுக் காட்டுப் பகுதியில் சிக்னல் இல்லாததால் எச்சரிக்கை அரை மணி, ஒரு மணி தாமதமாக வருகிறது. அதற்குள் ஆள் போய்விடுவான். ஆண்டுச் சந்தாவும் ஏறிக்கொண்டே போகிறது. வாங்க நினைப்பவர்கள், ஊற்றி அளந்த அட்டவணையின் நகல் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகக் கைக்கு வந்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் முதல் இரண்டு வண்டிகளுக்கு அதைக் கேட்கத் தவறிவிட்டேன்.