கல்யாண வீட்டுக்கு ஒரு 50 மி.மீ. லென்ஸ்: சில வருட அனுபவம்

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் படம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் சில வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: 50 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துளை பெரிதாகத் திறக்கும்). பெரிய கேமரா நிறுவனங்கள் பலவும் இந்த அளவில் ஒன்றைக் குறைந்த விலையில் விற்கின்றன என்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். என்னுடையது ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது முழு அளவு (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரைவிடச் சிறிய சென்சார் கொண்டது. எங்கள் தெருவில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் இந்த லென்ஸோடுதான் போகிறேன்.

மண்டபத்தில் மணமேடை மட்டும்தான் ஜொலிக்கும். மணமகள் அறை, சமையற்கட்டு, வாசல் திண்ணை எல்லாம் அரையிருட்டு. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் துளை எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும், அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை எஃப்/1.8 உள்ளே விடுகிறது. ஆகவே ஃப்ளாஷ் தேவையில்லை. ஃப்ளாஷ் இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய லாபம். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன் தவில்காரர் வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாகஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். வாடகைக்கு வந்த புகைப்படக்காரர்களின் ஆல்பத்தில் இதெல்லாம் அனேகமாக இருக்காது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு மேடையை விட்டு இறங்க நேரமேது?

அதற்காக எல்லாவற்றையும் எஃப்/1.8-இலேயே எடுத்துத் தள்ள முடியாது. இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான். பெண் அரை அடி முன்னால் நின்றால் மாப்பிள்ளை மங்கிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கலை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருவர் என்றால் எஃப்/4 வைக்கிறேன்.

உண்மையான தலைவலி எல்.இ.டி. விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினால் பட்டுப்புடவையின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அட்சதை மட்டும் கோடு கோடாக இழுபடும்; அது அழகாகத்தான் இருக்கிறது.

தாலி கட்டும்போது நான் மேடைப் பக்கம் போவதே இல்லை. வீடியோகாரரின் முதுகுதான் கிடைக்கும். கெட்டிமேளம் கேட்டதும் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு முறை பெண்ணின் சித்தப்பா, ஒரு கையால் போனைக் காதில் பொத்திக்கொண்டு மறு கையால் அட்சதை போட்டார். அந்த வீட்டில் இன்றுவரை அதிகம் பேசப்படும் படம் அதுதான்.

குறை என்றால், இடம் போதாது. ஏபிஎஸ்-சி கேமராவில் இது, முழு அளவு சென்சாரில் மாட்டிய 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும்; காட்சி குறுகிவிடும். குடும்பப் படத்துக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து நாற்காலியில் முட்டுவேன். மோதிரம், மருதாணி என்று ஒட்டிப் போய் எடுக்கவும் இது ஆகாது. அரை மீட்டருக்கு உள்ளே நெருங்க நெருங்கக் குவியம் அடம்பிடிக்கும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். இதுவரை பூஞ்சை பிடிக்கவில்லை.

பந்தியில் இலை வரிசை முழுவதும் ஒரு படத்தில் அடங்குவதே இல்லை. அதற்காக இப்போது ஒரு 24 மி.மீ. லென்ஸை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.