டேட்ரேஞ்சோடு சில ஆண்டுகள்

விடுதி அறை முன்பதிவு மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வருகைத் தேதி, புறப்படும் தேதி என்று தனித்தனியாக இருந்த இரண்டு புலங்களை எடுத்துவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைக்கும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டேட்ரேஞ்ச் (தேதி வரம்பு) வகைக்கு மாறினோம். இந்த வகை 2012இல் 9.2 பதிப்பில் வந்தது. ஆனால் என்னை இழுத்தது அதற்கும் முன்பே வந்துவிட்ட எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற கட்டுப்பாடுதான். ஒரே அறைக்கு இரண்டு பதிவுகளின் நாட்கள் மோதக்கூடாது என்று தரவுத்தளத்திடமே சொல்லிவிடலாம். அறை எண்ணுக்கு 'சமம்' என்னும் = குறி, நாட்களுக்கு 'மோதுகிறது' என்னும் && குறி. இந்தக் கட்டுப்பாடு ஜிஸ்ட் என்னும் வகை இண்டெக்ஸைக் (தேடலை விரைவாக்கும் அமைப்பைக்) கொண்டு இயங்குகிறது; அறை எண்ணும் அதில் சேர, பிட்ரீ ஜிஸ்ட் நீட்சியை நிறுவிக்கொள்ள வேண்டும்.

அறை காலியா என்று செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்த்துவிட்டுப் பதிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வரவேற்பு மேசையில் ஒருவர், இணையத்தில் ஒருவர், இருவரும் ஒரே அறையை ஒரே நொடியில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில், கமிட் ஆகாத, அதாவது இன்னும் உறுதியாகாத பதிவு அடுத்தவர் கண்ணில் படாது. இருவருக்கும் 'காலி' என்றே விடை வரும், இரண்டும் பதிவாகிவிடும். கன்ஸ்ட்ரெயின்ட் இருந்தால் பின்னால் வரும் இன்சர்ட் (பதியும் கட்டளை) முன்னது முடியும்வரை காத்து நிற்கும். முன்னது கமிட் ஆனதும் பிழை சொல்லித் திரும்பும். இந்த ஒன்றுக்காகவே மற்ற தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. விடுதிக்கு [2024-05-10,2024-05-12) என்ற, முதல் நாளைச் சேர்த்துக் கடைசி நாளை விட்டுவிடும் அரைத்திறந்த வடிவம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது: 12ஆம் தேதி காலை ஒருவர் காலி செய்ய, அன்றே அடுத்தவர் வரலாம். ஊழியர் விடுப்புக்கு அப்படி இல்லை. 10 முதல் 12 வரை விடுப்பு என்று இரு முனைகளையும் சேர்த்துக் கொடுத்தாலும், உள்ளே அது 13க்கு முன்புவரை என்றே மாற்றிச் சேமிக்கப்படும். அறிக்கையில் அப்பர் (மேல் எல்லை) மதிப்பை அப்படியே காட்டினால் 13 என்று வரும். கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பும் வரும். ஒரு நாளைக் கழித்துக் காட்டும் வியூ (சேமித்து வைத்த குவெரி) ஒன்றை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. நேரத்தையும் சேர்த்து வைக்கும் டிஎஸ்ரேஞ்ச் வகையில் இந்த மாற்றம் நடக்காது. கொடுத்த வடிவிலேயே இருக்கும்.

இதைவிட நயவஞ்சகமானது வெற்று வரம்பு. பகலில் மட்டும் தங்குபவருக்கு இரண்டு பக்கமும் ஒரே தேதியைக் கொடுத்தால், வழக்கமான அரைத்திறந்த வடிவில் அது வெற்று வரம்பாகிவிடும். வெற்று வரம்பு எதனோடும் மோதாது, எனவே கன்ஸ்ட்ரெயின்ட் சத்தமில்லாமல் விட்டுவிடும். வெற்று வரம்பைத் தடுக்கும் செக் (சரிபார்ப்பு நிபந்தனை) ஒன்று கட்டாயம் வேண்டும்.

2021இல் 14ஆம் பதிப்போடு வந்த, பல வரம்புகளை ஒரே மதிப்பில் வைக்கும் மல்டிரேஞ்ச் பெரிய நிம்மதி. பதிவான நாட்களை ரேஞ்ச்_ஆக் (range_agg) என்ற செயற்கூறு கொண்டு திரட்டி, முழு மாதத்திலிருந்து கழித்தால் காலி நாட்கள் துண்டு துண்டாக வந்து விழுகின்றன. முன்பு இதற்கு எழுதிய குவெரியை இன்று படிக்கவே சலிப்பாக இருக்கிறது.

2025இல் வந்த 18ஆம் பதிப்பில், பிரைமரி கீயிலேயே (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் சாவியிலேயே) 'வித்தவுட் ஓவர்லாப்ஸ்', அதாவது 'மோதல் இல்லாமல்', என்று எழுதலாம். பார்க்க அழகுதான். ஆனால் ரத்தான முன்பதிவுகளை விலக்க அதில் WHERE நிபந்தனை போட முடியாது. அதனால் நாங்கள் இன்னும் பழைய கன்ஸ்ட்ரெயின்டையே வைத்திருக்கிறோம்.