உருளை மழைமானி: மலைச்சரிவில் ஒன்று, மழை மறைவில் ஒன்று

ஒரே மாதிரி மழைமானி இரண்டு வாங்கினோம். ஒன்று மலையில் மேகம் வந்து மோதும் சரிவில், என்னிடம். இன்னொன்று அதே மலைக்குப் பின்னால் உள்ள வறண்ட நிலத்தில், என் தங்கையிடம். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவு எடுத்து எழுதுகிறோம்.

பேட்டரி கிடையாது. 10 செ.மீ. வாயுள்ள பிளாஸ்டிக் உருளை, மேலே புனல், உள்ளே ஒல்லியான குழாய். குழாயின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் 1 மி.மீ. மழை பெய்தால் குழாயில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். இதன் அருமை வறண்ட நிலத்தில்தான் தெரியும். ஒரு சாயங்காலம் தங்கை போன் செய்தாள். மேகத்திலிருந்து மழை இழை இழையாகத் தொங்குகிறதாம், தரைக்கு வரக் காணோமாம். காய்ந்த காற்றில் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். பிறகு மண்வாசம் கிளம்பும் அளவுக்கு ஒரு தூறல். ஓடிப்போய்ப் பார்த்தாள்: 0.4 மி.மீ. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்கு இங்கே குழாய் நிரம்பி வழிந்தது. குழாய் கொள்வது 25 மி.மீ.; வழிவது வெளி உருளையில் சேரும். அதைக் குழாயில் ஊற்றி ஊற்றி அளந்தேன். எல்லாம் சேர்த்து 112 மி.மீ.! ஈரக்காற்று சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து, இருப்பதை இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துபோகிறது.

இதே குழாயை வைத்து உலகத்தை அளந்து பார்க்கலாம். ஆண்டுக்குச் சுமார் 11,777 மி.மீ. பெய்யும் சிரபுஞ்சியில் இதை 470 தடவைக்கு மேல் நிரப்பிக் கொட்ட வேண்டும். அங்கிருந்து 50 கி.மீ. சொச்சம் தள்ளியுள்ள ஷில்லாங்கில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. சிலி நாட்டு அரிக்காவிலோ ஒரு வருட மழை சராசரியாக இந்தக் குழாயில் 1 செ.மீ.கூட ஏறாது.

குறை உண்டு. மலையில் காற்று பலமாக அடித்தால் துளிகள் வாய்க்குள் விழாமல் மேலாகப் பறந்துவிடுகின்றன. முதலில் மதில்மேல் வைத்திருந்தேன். திறந்த தரையில், புதர் மறைவாக இறக்கி வைத்தபின்தான் அளவு நம்பும்படி வந்தது. சரிவாக இருந்தாலும் வாய் மட்டமாக இருக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் உள்குழாயை எடுத்துவிடுங்கள், வெடித்துவிடும். மாட்டும் பிடி லேசாக ஆடுகிறது, நான் கம்பி போட்டுக் கட்டினேன்.

தினமும் போய்ப் பார்க்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாரம் ஒருமுறைதான் முடியும் என்றால், வறண்ட இடத்துக்கு இது வேண்டாம். பெய்த சொற்பமும் நீங்கள் வருமுன் காய்ந்திருக்கும். மழை இல்லாத நாளிலும் தங்கை 0.0 என்று எழுதுகிறாள். வெற்றிடமாக விட்டால், பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.